பழைய ஹெவி டியூட்டி பிக்கப்பை டிரெய்லர் இழுக்கத் தயார் செய்வது எப்படி?

பழைய ஹெவி டியூட்டி பிக்கப் கைக்கு வந்ததும் பலர் முதலில் கை வைப்பது இன்ஜினில். டியூனிங், சைலன்சர், பெரிய டர்போ என்று பணம் கரையும். உண்மையில் இந்த வகை வண்டிகளில் கம்பெனி கொடுத்த இன்ஜினே இழுவைக்குப் பெரும்பாலும் போதும். பல வருடம் ஓடியதில் தேய்ந்திருப்பது பிரேக்கும், சூட்டைத் தணிக்கும் பாகங்களும்தான். ஆகவே கீழே சொல்லும் வரிசையிலேயே வேலையைச் செய்யுங்கள்.

1. எடைக் கணக்கு

டிரைவர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடையும், ஒவ்வொரு ஆக்ஸிலும் தாங்கும் எடையும் இருக்கும். டிரெய்லரையும் சேர்த்த உச்ச எடை ஓனர் மேனுவலில் இருக்கும். பம்பர் உயரத்தில் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) வைத்து இழுக்கும் டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை பால் மேல் அழுத்த வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். இந்த 450 கிலோ பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) அல்லது கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் பின்பக்கம் நிமிரும்; ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது.

2. சேஸிஸ்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஸ்பிரிங் ஷாக்கிள் பிராக்கெட், பின் குறுக்குச் சட்டம், ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட பின்னால் உள்ள அமைப்பு) போல்ட் சுற்று ஆகிய இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மந்தமாக ஒலித்து உதிரும். அங்கே ஓட்டை விழுந்திருந்தால், சேஸிஸ் வேலை தெரிந்தவர் சரிசெய்யும் வரை டிரெய்லர் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்த துருவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

3. பிரேக்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். சுமையோடு நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அதற்கு முன் பாகங்களைப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ உப்பியிருந்தாலோ எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்பு பைப்பைக் கிளிப் பிடிக்கும் இடங்களில் கழற்றிப் பார்த்தால்தான் துரு தெரியும். காலிப்பர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) ஸ்லைடு பின் கையால் தள்ளினாலே நகர வேண்டும். நகராவிட்டால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும், வீல் சூடாகும். பின்பக்கம் டிரம் என்றால் லைனர், வீல் சிலிண்டர் கசிவு, அட்ஜஸ்டர் மூன்றையும் பாருங்கள். ஏர் எடுக்கும்போது (பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது) பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலில் தொடங்கி அருகில் உள்ளதில் முடியுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு மேனுவல் சொல்லும் முறையே சரி.

4. ரேடியேட்டரும் கியர்பாக்ஸும்

ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். பின்னாலிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், அழுத்தம் அதிகமானால் ஃபின் மடங்கும். தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம். கம்பெனி சொல்லும் வகைக் கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால், இன்ஜின் ஆறிய நிலையில், சாவியை எடுத்துவிட்டு, கையால் சுற்றுங்கள். கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். விட்டபின்னும் பல சுற்று சுழன்றால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. சமதளத்தில் சூடேறாமல் ஏற்றத்தில் மட்டும் சூடேறும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொல்வது சூடு. அதன் அடியில் உள்ள ஆயில் பேனை (ஆயில் தேங்கும் தட்டு) கழற்றி, உள்ளே இருக்கும் மேக்னெட்டைப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு, செதில்களும் சில்லுகளும் இருந்தால் உள்ளே உடைகிறது. ஆயில் கறுத்துத் தீய்ந்த வாசனை வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது என்று பொருள், புது ஆயில் அதைக் காப்பாற்றாது. நன்றாக இருந்தால் ஃபில்டரும் ஆயிலும் மாற்றி, தனி ஆயில் கூலர் பொருத்துங்கள். சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் உள்ள கூலருக்கும், பிறகு புதிய கூலருக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். டெம்பரேச்சர் மீட்டரும் வையுங்கள். 80 முதல் 95 டிகிரி நல்ல நிலை. 120ஐத் தொட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆற்றுங்கள்.

5. ஹவுசிங், ஷாஃப்ட், டயர்

ஆக்ஸில் ஹவுசிங்கில் உள்ள டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்) ஆயிலை மாற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் அதற்குரிய அடிட்டிவ் வேண்டுமா என்று மேனுவலில் பாருங்கள். ஷாஃப்ட் கிராஸில் (ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு) ஆட்டம் இருக்கக் கூடாது. டயர் எல்.டி. (லைட் டிரக்) வகை, சுமை தாங்கும் தரம் லோடு ரேஞ்ச் இ. பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் சுமை இழுக்காதீர்கள்.

6. ஹிட்சும் வயரிங்கும்

ரிசீவர் (சேஸிஸில் பொருத்திய சதுரக் குழாய்), பால் மவுண்ட் (அதில் செருகும், பாலைத் தாங்கும் கம்பி), பால், செயின் இவற்றில் எது குறைந்த எடைக்கானதோ அதுதான் உங்கள் எல்லை. பால் அளவு கப்ளருடன் (டிரெய்லர் மூக்கில் பாலைக் கவ்வும் பகுதி) சரியாகப் பொருந்த வேண்டும். 2-5/16 அங்குலக் கப்ளரில் 2 அங்குல பாலும் உட்காரும், பூட்டும். ஒரு குழியில் துள்ளினால் கழன்றுவிடும். சேஃப்டி செயின்களைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கழன்ற டிரெய்லர் மூக்கைச் சாலையில் விழாமல் தாங்கும்.

7 பின் சாக்கெட்டில் வழக்கமான நிறங்கள்: வெள்ளை எர்த், நீலம் டிரெய்லர் பிரேக், கறுப்பு 12 வோல்ட், பழுப்பு டெயில் லேம்ப், மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும். பழைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். விளக்குகள் மங்கினாலோ இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மினுக்கினாலோ, முதலில் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

7. சோதனை ஓட்டம்

ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் கன்ட்ரோலரின் (டிரைவர் அருகே இருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் வண்டியைப் பலமாகப் பின்னிழுக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. அதுவரை கன்ட்ரோலரின் கெயினை (பிரேக் பலத்தின் அளவு) கூட்டிக் குறையுங்கள். முதலில் காலி டிரெய்லர், பிறகு பாதிச் சுமை. கழற்றி மாட்டிய வீல் நட்டுகள் எல்லாவற்றையும் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ரெஞ்ச்) மறுபடி இறுக்குங்கள். நிறுத்தும்போதெல்லாம் ஹப்புகளுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங்கோ சிக்கிய பிரேக்கோ இருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகே முழுச் சுமை ஏற்றுங்கள்.