மூட்டு வகைகளைப் படிக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப் பள்ளிப் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கும் தாதியர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். மூட்டுப் பாடம் வந்தாலே எல்லாரும் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள், தன் கையையும் காலையும் ஒரு தடவைகூட அசைத்துப் பார்ப்பதில்லை. பாதித் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரிய தவறு, இரண்டு வகைப்பாட்டைப் போட்டுக் குழப்புவது. எலும்புகளை எது இணைக்கிறது என்பது ஒரு கேள்வி, அதற்குப் பதில் நார், குருத்தெலும்பு, சினோவியல் (உறைக்குள் திரவம் இருக்கும் மூட்டு). அந்த மூட்டு எவ்வளவு அசைகிறது என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் அசையாதது, சற்றே அசைவது, தாராளமாக அசைவது. இதிலும் மூன்று அதிலும் மூன்று இருப்பதால் ஜோடி சேர்த்துவிட்டு, நார் மூட்டு என்றால் அசையாது, குருத்தெலும்பு மூட்டு என்றால் சற்றே அசையும் என்று எழுதிவிடுகிறார்கள். மண்டையோட்டுத் தையல் நார் மூட்டு, பெரியவர்களுக்கு அது அசையாது, சரி. ஆனால் கணுக்காலுக்குச் சற்று மேலே கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவும் (பருமனானது) ஃபிபுலாவும் (வெளிப்பக்கம் இருக்கும் மெல்லியது) சேருமிடமும் நார் மூட்டுதான், அது கொஞ்சம் அசையும். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பு மூட்டு, அதில் அசைவே கிடையாது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டும் குருத்தெலும்பு மூட்டுதான், அது அசைகிறது. சினோவியல் மூட்டு மட்டுமே தாராளமாக அசைவதோடு ஒழுங்காக ஜோடி சேரும். அதனால் விடை எழுதும்போது கேள்வி அமைப்பைக் கேட்கிறதா, அசைவைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது முழங்கை. கீல் மூட்டு, அதாவது கதவுக் கீல்போல மடங்கி நீளும் மூட்டு, என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அங்கே ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. முன்கையில் இரண்டு எலும்புகள், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். மேல்கை எலும்பும் அல்னாவும் சேருவதுதான் அசல் கீல். ரேடியஸின் தலை மேல்கை எலும்போடு சேருவது ஒன்று, அல்னாவோடு சேருவது இன்னொன்று. கடைசியாகச் சொன்னது சுழல் மூட்டு. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புவது மணிக்கட்டு வேலை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது தப்பு. முழங்கையை மடக்கி, அதன் வெளிப்பக்கத்தில் உள்ள குழியில் மற்றக் கையின் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். விரலுக்கு அடியில் சின்ன உருண்டை ஒன்று சுழலும், அதுதான் ரேடியஸின் தலை. முழங்கையின் கூர் முனை அல்னாவுடையது, அது சுழலாமல் அப்படியே இருக்கும். இதை ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதே இல்லை.

முழங்காலும் வெறும் கீல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டு பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்பினால் டிபியாவும் கூடவே கொஞ்சம் திரும்பும். காலை முழுக்க நீட்டிவிட்டால் அந்தத் திருப்பம் பூட்டிக்கொள்ளும். செம்பனை மரத்தடியில் குந்தி உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள் நாளெல்லாம் முழங்காலை மடக்கித் திரும்புகிறார்கள், அவர்களிடம் போய் இது கீல் என்று மட்டும் சொல்ல முடியுமா? அப்புறம், ஃபிபுலா முழங்கால் மூட்டில் சேராது. படத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

தோள்பட்டைக்கும் இதே கதைதான். நீளக் கம்பில் அரிவாளைப் பொருத்திக் குலை வெட்டுகிறவர் கையைத் தலைக்கு மேலே 180 பாகை தூக்கும்போது, ஏறக்குறைய 120 பாகைதான் பந்துக்கிண்ண மூட்டில் நடக்கிறது, மிச்சம் 60 பாகைக்குத் தோள்பட்டை எலும்பே விலாக்கூட்டின் மேல் நகர்கிறது. தோள் எலும்பு விலாவின் மேல் வழுக்குகிற அந்த இடத்தில் உறையோ குருத்தெலும்போ கிடையாது, ஆகவே அதை மூட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

லிகமென்ட் எலும்பையும் எலும்பையும் கட்டும், டெண்டன் தசையை எலும்போடு கட்டும். இதை மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடாதீர்கள்.

விரல் சொடுக்கினால் எலும்பு தேயும் என்று வீட்டில் திட்டுவார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது, எலும்பு உரசுவதால் வருவதில்லை. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் சொடுக்கி வந்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டினார். அதற்காக 2009இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபெல் பரிசும் வாங்கினார். ஒரே ஆள், அதனால் முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது, ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, இது பெரியவர்களிடம் கேட்பது: "முட்டியிலே எண்ணெய் வத்திப்போச்சு." நல்ல முழங்காலிலேயே மூட்டுத் திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். தேய்மானம் வந்த முட்டியில் பெரும்பாலும் அது வற்றுவதில்லை, மாறாகக் கூடுதலாகச் சுரந்து வீங்குகிறது. தேய்வது குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஊட்டம் திரவத்திலிருந்துதான் போகிறது, அசைய அசையத்தான் அது உள்ளே இறங்கும். வலி வருவது சுற்றியுள்ள உறை, எலும்பு போன்ற நரம்புள்ள பகுதிகளிலிருந்து. ஆனால் முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும்.