வெளிநாட்டுச் சுற்றுலா: எதை எந்தப் பையில் வைப்பது?

பெட்டி கட்ட உட்காரும்போது எதையெல்லாம் எடுத்துக்கொள்வது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. எது எந்தப் பையில் இருக்க வேண்டும் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. விமானத்தின் சரக்கு அறையில் போகும் பெட்டி, இடையில் விமானம் மாறும் ஊரிலேயே தங்கிவிட்டு, ஓரிரு நாள் கழித்து வந்து சேர்வதுண்டு. அந்தப் பெட்டி இல்லாமலே முதல் இரண்டு நாள்களை ஓட்டிவிடலாம் என்னும் அளவுக்குக் கைப்பையை நிரப்பிவிட்டு, பிறகு பெரிய பெட்டியைத் திறப்பதே சரியான வரிசை.

கடவுச்சீட்டு, பணம், வங்கி அட்டைகள், மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பைக்கு உரியவை. மருந்துகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பயண நாள்களுக்கும் அதற்கு மேல் சில நாள்களுக்கும் கணக்கிட்டு, வேறு டப்பாவுக்கு மாற்றாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடும் மருத்துவரின் மருந்துச்சீட்டோடும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டில் எளிதாகக் கிடைக்கும் மருந்துக்கு இன்னொரு நாட்டில் தடை இருக்கலாம். சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. செல்லும் நாட்டின் தூதரக இணையதளத்தில் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அவை தீப்பற்றினால் பயணிகள் அறையில் உடனே கவனித்து அணைக்க முடியும். பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு) வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை. பவர் பேங்க்கின் மேல் குறித்திருக்கும் 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்ற அளவை அதன் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட்-மணி வரும். ஆகவே அது வரம்புக்குள் அடங்கும். திரவங்களைப் பொறுத்தவரை, பல விமான நிலையங்களில் ஒரு குப்பிக்கு 100 மில்லிலிட்டர் என்பதே விதி. குப்பியின் கொள்ளளவே கணக்கு என்பதால், 200 மில்லிலிட்டர் குப்பியின் அடியில் சிறிதளவே ஷாம்பு மீந்திருந்தாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பெரிய பெட்டியின் எடை வரம்பு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். 23 கிலோ என்பது பரவலாகக் காணப்படும் அளவு. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், கூடுதல் கட்டணம் செலுத்த முன்வந்தாலும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். தூக்கி இறக்கும் பணியாளர்களின் உடல்நலம் கருதி வகுத்த வரம்பு அது. பெட்டியை நிமிர்த்தினால் சக்கரம் உள்ள பக்கமே அடியாகும் என்பதால், காலணி போன்ற கனமானவற்றை அந்தப் பக்கத்தில் வைத்து, காலணிகளுக்குள் காலுறைகளைத் திணித்துவிடலாம். பனியன் துணிகளை உருட்டியும், விறைப்பான சட்டைகளை மடித்து மேலாகவும் வைக்கலாம். விமானம் உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறைந்து குப்பிகள் கசியக்கூடும். எனவே விளிம்பு வரை நிரப்பாமல், ஒவ்வொன்றையும் தனிப் பையில் இட்டுக் கட்ட வேண்டும். குடும்பமாகச் செல்வோர் ஒருவரின் உடைகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் வைக்காமல், எல்லாப் பெட்டிகளிலும் கலந்து வைப்பது மிகவும் நல்லது.

பழைய பயணத்தில் விமான நிறுவனம் பெட்டியில் ஒட்டிய பட்டைகளைக் கிழித்துவிட்டு, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைப் பெட்டிக்குள்ளும் வைத்து, மூடும் முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பொருந்தும் பயணங்களில், சேதத்துக்கான எழுத்துப்பூர்வப் புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதத்துக்கானதை 21 நாள்களுக்குள்ளும் விமான நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும்.