சாஸிலிருந்து ஆருக்கு மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் மென்பொருளான சாஸில் (SAS) பல வருடம் நிரல் எழுதியவர், அதே வேலைக்குப் பயன்படும் ஆர் (R) மொழிக்கு வரும்போது தொடரியல் தவறுகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் ஆர் அங்கேயே நின்றுவிடும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிரல் ஓடி முடிந்து, விடை மட்டும் மாறி வருவதுதான் ஆபத்து.

அதிகம் பேர் சறுக்குவது விடுபட்ட மதிப்புகளில். சாஸில் விடுபட்ட எண் ஒரு புள்ளியாக நிற்கும். ஒப்பிடும்போது அது எல்லா எண்களையும்விடச் சிறியது. அதனால் ‘வயது 18-க்குக் கீழ்’ என்று வடிகட்டினால், வயதே பதிவாகாதவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். ஆரில் விடுபட்ட மதிப்பைக் குறிப்பது என்ஏ (NA). அதோடு எதை ஒப்பிட்டாலும் கிடைப்பது என்ஏ. ஆரின் டிப்ளையர் (dplyr) தொகுப்பிலுள்ள ஃபில்டர் அந்த வரிசைகளைக் கழித்துவிடும். அதே நிபந்தனையைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால், வயது பதிவாகாதவர்களுக்குப் பதிலாக முழுக்க என்ஏ நிரம்பிய வரிசைகள் வரும். விடுபட்டவர்கள் வேண்டுமா வேண்டாமா என்பதை நிபந்தனையிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். எழுத்து மாறிகளையும் கவனியுங்கள்: சாஸ் விடுபட்டதாகக் கருதும் காலி இடம், சாஸ் கோப்புகளை ஆரில் படிக்க உதவும் ஹேவன் (haven) தொகுப்பு வழியாக வரும்போது வெற்றுச் சரமாகவே இருக்கும், என்ஏ ஆகாது.

அடுத்து, இயல்பு அமைப்புகள், அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் முறைகள். 2.5-ஐ ரவுண்ட் செய்தால் சாஸ் 3 தரும், ஆர் 2 தரும். ஆர் சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளுகிறது. 1, 2, 3, 4 என்ற தரவின் முதல் கால்மானம் (quartile) சாஸில் 1.5, ஆரில் 1.75. ஆரின் குவான்டைல் செயற்கூற்றில் 2-ஆம் வகையைத் (type = 2) தேர்ந்தால் சாஸின் விடை கிடைக்கும். ஒரு நிகழ்வு நடக்கும்வரையிலான காலத்தை ஆராயும் காக்ஸ் மாடலில், ஒரே நேரத்தில் நிகழும் நிகழ்வுகளுக்கு சாஸ் பிரெஸ்லோ முறையையும், ஆரின் சர்வைவல் தொகுப்பு எஃப்ரான் முறையையும் எடுத்துக்கொள்ளும். இவற்றில் எதுவும் பிழை இல்லை. ஆனால் பழைய அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டுமென்றால், முறையை நிரலில் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘தசமத்தில் சின்ன வித்தியாசம்தானே’ என்று கடந்துபோவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

தேதிகளை சாஸ் 1960 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது, ஆர் 1970 ஜனவரி 1-இலிருந்து. தேதி வடிவம் இல்லாமல் வெறும் எண்ணாக வந்த நெடுவரிசையை அப்படியே மாற்றினால் 3,653 நாள் தள்ளிப்போகும்.

தரவை வரிசை வரிசையாகச் செயலாக்கும் சாஸின் டேட்டா ஸ்டெப்பை வரிக்கு வரி ஆரில் பெயர்ப்பதும் வேண்டாம். முந்தைய வரிசையின் மதிப்பைத் தக்கவைக்கும் ரீடெய்ன் கட்டளையை வைத்துக் கூட்டிய இடமெல்லாம் ஃபார் சுழற்சியாக மாறி, வேகமும் போகும், படிக்கவும் முடியாது. குழுவாகப் பிரித்து கம்சம் (தொடர் கூட்டுத்தொகை), லேக் (முந்தைய வரிசையின் மதிப்பு) போன்றவற்றால் நெடுவரிசை முழுவதையும் ஒரே மூச்சில் கணக்கிடுவதுதான் ஆரின் வழி.

மாறுபவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் முதலில் ஒரு சிறிய தரவுத்தொகுப்பைச் செய்து கொடுங்கள். அதில் விடுபட்ட வயது, காலிச் சரம், .5-இல் முடியும் எண், ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்வுகள் எல்லாம் இருக்கட்டும். இரண்டு மொழியிலும் ஓட்டி, வேறுபடும் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். உண்மையான திட்டத்தின் நிரலை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.