பூட் பிளாப்பியிலிருந்து நீண்ட பெயர்க் கோப்புறைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டன. அந்த வாழ்க்கையின் ஆவணங்களில் கொஞ்சம் இன்று கோயில் அலுவலறையிலும் தமிழ்ப்பள்ளியின் பொருள் அறையிலும் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிகளுக்குள் இருக்கிறது. திருவிழா உபயப் பட்டியல், சந்தா கட்டியவர்கள் பெயர், பழைய மாணவர் பதிவு, தோட்ட எழுத்தரான கிராணி தட்டச்சு செய்து வைத்த ஆள்கணக்கு என்று பலவும் உண்டு. விண்டோஸ் 98 ஒருநாள் ஏறாமல் நின்றுவிட்டால், கணினியைத் தொடக்கித்தரும் நெகிழ்வட்டான பூட் பிளாப்பியைப் போட்டு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் கோப்புறைகளை உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்கப் பார்ப்போம். வழி சரியானதுதான். ஆனால் அந்தப் பிளாப்பியில் ஓடும் பழைய இயங்குதளமான டாஸ், பெயர்களை எப்படி நடத்துகிறது என்பது தெரியாமல் இறங்கினால் கோப்பு மிஞ்சும், பெயர் போய்விடும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரியாத ஆள்கணக்கை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு ஒன்று உண்டு. விண்டோஸ் 98 தயாரித்த பிளாப்பிதானே, நீண்ட பெயர் அதற்குத் தெரியாதா என்று நம்புவது. தெரியாது. டாஸுக்குத் தெரிந்த பெயர் எட்டு எழுத்தும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் மட்டுமே. 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களைக் கொண்டுவந்தபோது, பழைய அமைப்பைக் கலைக்காமல் ஓர் உத்தி செய்தார்கள். நீண்ட பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, வட்டிலுள்ள பெயர்களின் பதிவேடான அடைவுப் பட்டியலின் கூடுதல் வரிகளில் வைத்தார்கள். பழைய டாஸ் தொடாமல் விலகிப் போகும்படியான முத்திரையை அந்த வரிகளின்மேல் குத்தினார்கள். அந்த வரிகளைப் படிக்கும் சேவை, விண்டோஸ் முழுதாக ஏறிய பிறகுதான் விழிக்கிறது. பிளாப்பியில் தொடங்கும்போது விண்டோஸ் ஏறுவதே இல்லை.

அதனால் பெயரின் நடுவில் இடைவெளி விட்டு, கோப்புறை உருவாக்கும் எம்டி கட்டளையைக் கொடுத்தால் டாஸ் முரண்டுபிடிக்கும். அது நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும். ஆபத்து, இடைவெளி இல்லாத நீண்ட பெயரில்தான். டாஸ் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதல் எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். நம் ஊரில் இது எங்கே போய் முடியும் என்று பாருங்கள். லாடாங் என்றால் மலாயில் தோட்டம். 'லாடாங்சாத்து' (ladangsatu) என்று ஒரு கோப்புறை, 'லாடாங்சாவிட்' (ladangsawit) என்று இன்னொன்று. மலாய் முறைப்படி ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் முதல் எட்டு எழுத்து ஒன்றே: 'லாடாங்சா'. முதல் கட்டளை அந்தப் பெயரில் கோப்புறையை உருவாக்கும். இரண்டாவது, உருவாக்க முடியவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நிற்கும். இதை, பல கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பில் எழுதி ஓடவிட்டிருந்தால் அந்த ஒரு வரி திரையில் ஓடி மறைந்துவிடும். அடுத்து வரும் நகல் கட்டளைகள் இரண்டு தோட்டத்தின் கோப்புகளையும் ஒரே இடத்தில் கொட்டும். இரண்டிலும் ஜனவரி என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் பின்னால் வந்தது முன்னதன்மேல் எழுதிவிடும். கையால் தட்டும் நகல் கட்டளை மேலெழுதுமுன் கேட்கும். பேட்ச் கோப்புக்குள் இருந்து ஓடும்போது கேட்காது. ஆகவே பெயரைச் சுருக்கும் வேலையை டாஸிடம் விடாதீர்கள். எட்டு எழுத்துக்குள் நீங்களே சுருக்கி, எது எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

அடுக்கடுக்கான கோப்புறைகளிலும் இதே கவனம் வேண்டும். இப்போதைய விண்டோஸின் கட்டளைத் திரையில், இல்லாத மூன்று அடுக்கை ஒரே வரியில் கேட்டாலும் உருவாக்கித் தரும். அந்தப் பழக்கத்தில் டாஸிடம் கேட்டால் கிடைக்காது. மேலடுக்கு இருந்தால்தான் கீழடுக்கு. ஒவ்வொன்றாக உருவாக்கி, சிடி கட்டளையால் உள்ளே போய், டிர் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஆழத்துக்கும் எல்லை உண்டு. வட்டின் முதல் அடுக்கான வேரிலிருந்து கடைசிக் கோப்புறை வரை, சாய்கோடுகளையும் சேர்த்து 63 எழுத்துக்கு மேல் டாஸ் ஏற்காது. முழு எட்டெழுத்துப் பெயர்கள் என்றால் ஏழு அடுக்கோடு சரி. மாநிலம், மாவட்டம், தோட்டம், பிரிவு, ஆண்டு, மாதம் என்று ஆசையாக அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் அந்த எல்லையின் வாசலிலேயே நிற்கிறார்கள். தோட்டம், ஆண்டு என்று இரண்டு அடுக்கு போதும் என்பது என் கருத்து.

இனி, ஏற்கெனவே இருக்கும் கோப்புறைகள். விண்டோஸில் நீண்ட பெயர் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குறும்பெயரும் சேர்ந்தே பிறந்திருக்கும்: முதல் ஆறு எழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் எண். 'லாடாங்' என்பது ரோமன் எழுத்தில் சரியாக ஆறு எழுத்து. தோட்ட அலுவலகக் கணினியில் பாதிக் கோப்புறைகள் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். டாஸில் டிர் கொடுத்தால் லாடாங்~1, லாடாங்~2, லாடாங்~3 என்று வரிசைகட்டி நிற்கும். அகர வரிசையில் முதலில் வரும் தோட்டம்தான் ~1 என்று ஊகிப்பவர்கள் உண்டு. அந்த எண் அகர வரிசையில் வருவதல்ல, எது முதலில் உருவானது என்பதில் வருவது. ஊகத்தை நம்பி ஒன்றை அழித்தால் வேறொரு தோட்டத்தின் ஆவணம் போய்விடும். உள்ளே நுழைந்து கோப்புகளையும் தேதிகளையும் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

பெயரை அழகுபடுத்துகிறேன் என்று பிளாப்பியிலிருந்தபடி, பெயர் மாற்றும் ரென் கட்டளையைக் கொடுப்பதும் கூடாது. நீண்ட பெயரின் ஒவ்வொரு துண்டிலும், அது எந்தக் குறும்பெயருக்குரியது என்பதைச் சொல்லும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. டாஸில் குறும்பெயரை மாற்றினால் எண் பொருந்தாது. பொருந்தாத நீண்ட பெயரை விண்டோஸ் காட்டாது. டாஸ் 6 காலத்து டிஃப்ராக், ஸ்கேன்டிஸ்க் போன்ற வட்டுப் பராமரிப்புக் கருவிகளை அந்த வட்டில் ஓட்டினாலும் இதே கதிதான், ஆனால் ஒரே அடியில் பல கோப்புறைகளுக்கு.

இதற்கு மருந்து, கணினி நலமாக இருக்கும்போதே செய்ய வேண்டியது. விண்டோஸ் 98க்குள் டாஸ் சாளரத்தைத் திறந்து டிர் கட்டளையை உள்ளடுக்குகளுக்கும் சேர்த்து ஓட்டினால், ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் குறும்பெயர், வலப்பக்கம் நீண்ட பெயர் இருக்கும். அதை ஓர் உரைக் கோப்பாக எழுதி அதே வட்டின் வேரில் வையுங்கள், ஒரு பிரதியை அச்சிட்டு மேசை இழுப்பறையிலும் வையுங்கள். கோயிலிலோ பள்ளியிலோ பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள், தயவுசெய்து.

பட்டியல் எடுக்குமுன் கணினி படுத்துவிட்டால், டாஸ்எல்எஃப்என் என்ற சிறு நிரல் உதவும். அதை நினைவகத்தில் ஏற்றியபின் வெறும் டாஸிலும் நீண்ட பெயரைப் படிக்கலாம், உருவாக்கலாம். ஆனால் கட்டளைகளை வாங்கிச் செய்யும் கமாண்ட் நிரலுக்கும் நீண்ட பெயர் புரிய வேண்டும். விண்டோஸ் 98 பிளாப்பியில் உள்ளதற்குப் புரியும், டாஸ் 6.22இல் உள்ளதற்குப் புரியாது. நிரலை ஏற்றியபிறகும் இடைவெளியுள்ள பெயரை மேற்கோள் குறிக்குள்தான் எழுத வேண்டும். முதலில் ஒரு வெற்று வட்டில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆவண வட்டைத் தொடுங்கள்.

பிளாப்பியில் தொடங்கியபின் சி வட்டு தெரியவில்லை என்றால் பதறக் கூடாது. டாஸ் 6.22, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த வட்டைப் படிக்காது. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட வட்டு என்டிஎஃப்எஸ் என்ற வேறொரு முறையில் இருந்தால் எந்த டாஸ் பிளாப்பியும் தானாக அதைப் படிக்காது. வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க், துடைக்கும் ஃபார்மட் பக்கம் கையை நீட்டினால் நல்ல வட்டை நீங்களே துடைத்துவிடுவீர்கள். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. விண்டோஸ் 98 பிளாப்பி நினைவகத்திலேயே 2 மெகாபைட் அளவில் ஒரு தற்காலிக வட்டை அமைத்து, ஹார்ட் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்தை அதற்குக் கொடுக்கும். ஹார்ட் டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்தத் தற்காலிக வட்டுக்கே சி என்ற எழுத்து கிடைக்கும். அதில் கோப்புறைகளை உருவாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று கணினியை நிறுத்தினால் எல்லாம் மறைந்துவிடும். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினாலும் எழுத்துகள் இடம் மாறும்: நேற்று டி என்ற எழுத்தில் இருந்த வட்டுப் பிரிவு இன்று ஈ என்ற எழுத்தில் இருக்கலாம். நகலெடுக்குமுன் வோல் கட்டளையால் வட்டின் பெயரைப் பாருங்கள். கோப்புறைகளை அடுக்கோடு நகலெடுக்கும் எக்ஸ்காப்பி நிரல் அந்தப் பிளாப்பியில் இராது, முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாப்பிக்கே நகலெடுப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1.44 மெகாபைட் பிளாப்பியின் வேரில் 224 வரிகள்தான் உண்டு. நாற்பது எழுத்துப் பெயர் ஒன்று, நீண்ட பெயருக்கு நான்கும் குறும்பெயருக்கு ஒன்றுமாக ஐந்து வரியைத் தின்னும். விண்டோஸிலிருந்து அப்படிப்பட்ட பெயர்களோடு நகலெடுத்தால் நாற்பத்து நான்கோடு வேர் நிரம்பிவிடும், இடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி. ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் போட்டால் இந்தத் தடை இல்லை.

நம் ஊர் ஈரத்தில் பிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். உலோக மூடியை மெல்ல விலக்கி வட்டின் முகத்தைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் டிரைவுக்குள் தள்ளாதீர்கள், ஒரு வட்டின் பூஞ்சை டிரைவின் படிக்கும் முனையில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறும். பிற்பகல் இடி தொடங்கும் நேரத்தில் நகல் வேலையை ஆரம்பிக்கவும் வேண்டாம். எழுதும்போது மின்சாரம் போனால் ஃபேட் வட்டின் பதிவுகள் பாதியில் அறுந்து நிற்கும்.

கோப்புகள் பத்திரமாக வந்து சேர்ந்தபிறகு பெயர்மாற்றத்தை விண்டோஸிலேயே, தாளிலுள்ள பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். உள்ளே திறந்து பார்க்கும்போது சில கோப்புகள் புரியாத ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். அவற்றைக் கெட்டுப்போனவை என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய நாளில், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற செயலிகளிலும் வேறு எழுத்துருக்களிலும் தட்டிய தமிழாக இருக்கலாம். உரிய எழுத்துருவைப் போட்டுப் பார்த்தோ யூனிகோடுக்கு மாற்றியோ படிக்கலாம். மாற்றியபிறகும் மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.