அங்கோரில் தொடங்கி நோம் பென் வரை: கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று

கம்போடியாவின் சியம் ரீப் போகிறவர்கள் எல்லாரும் முதல் வேலையாக விடியற்காலையில் எழுந்து, அங்கோர் வாட் குளத்தங்கரையில் கூட்டத்தோடு நின்று சூரிய உதயத்தைப் படம் பிடிக்கிறார்கள். பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடம் புரிய வேண்டுமென்றால் அங்கோர் வாட்டை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

நான் பிழைப்புக்குக் கட்டட வரைபடம் போடுகிறவள். எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பேன். கெமர், அதாவது கம்போடியக் கட்டடங்களை ஒரே கேள்வியோடு சுற்றி வரலாம்: கூரையை எவ்வளவு அகலத்துக்குப் போட முடிந்தது?

மூன்று நாள் அனுமதிச் சீட்டு வாங்குங்கள். கையில் ஒரு சின்ன டார்ச், முடிந்தால் பைனாகுலர். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இல்லாவிட்டால் அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏற விடமாட்டார்கள்.

முதல் நாள் காலை ரொலுவோஸ் கோயில் தொகுதி. அங்கே பிரியா கோ, ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் இந்திரவர்மன் கட்டியது. ஆறு செங்கல் கோபுரங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே கலவை இருப்பதே தெரியாது, அவ்வளவு ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். மேலே பூசிய சுதை அங்கங்கே மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் கிழக்கே மட்டும்தான் நிஜ வாசல். மற்ற மூன்று பக்கமும் பொய்க் கதவு: மரக்கதவின் சட்டத்தையும் பட்டையையும் அப்படியே கல்லில் செதுக்கியது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் செதுக்கின ஆழம் தெரியும். பக்கத்திலேயே படிப்படியாக உயரும் பாக்கோங் கோயில்.

பிற்பகல் பான்டே ஸ்ரேய். 967இல் குடமுழுக்கு ஆன சிவன் கோயில். கட்டியது அரசன் அல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல், கருவறை வாசல் குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குச் சின்னது. ஆடும் சிவன் இருக்கும் கிழக்குப் பக்க முகப்பைப் பைனாகுலரில் பாருங்கள். கீழே எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நம் காரைக்கால் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் சந்தேகமில்லை.

இரண்டாம் நாள் அங்கோர் வாட். பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அதே நடையில் நின்று மேலே பாருங்கள். கல்லை வரிசை வரிசையாக உள்பக்கம் பிதுக்கி அடுக்கி, இரண்டு பக்கமும் உச்சியில் சேர்கிற மாதிரி மூடியிருப்பார்கள். நடுக்கல் வைத்துப் பூட்டும் வளைவை அவர்கள் கையாளவில்லை. பிதுக்கிக்கொண்டே போனால் எவ்வளவு தூரம்தான் போக முடியும்? அதனால்தான் இத்தனை பெரிய கோயிலில் ஒரு பெரிய மண்டபம்கூடக் கிடையாது, நீளநீளமான ஒடுங்கிய நடைகள்தான். அகலம் போதாத இடத்தில் வெளிப்பக்கம் தூண் நிறுத்தி, அரை வளைவு ஒன்றைச் சாய்த்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம். கரடுமுரடான கல் அடிப்பக்கம் கண்ணில் படாமலிருக்க மர விதானம் இருந்தது. சொர்க்க நரகச் சிற்ப நடையில் அதைத் திரும்பச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மிச்ச நேரத்தில் பாயோன், தா புரோம் கோயில்கள். தா புரோம் சுவர்களைக் கவ்விய மரவேர்களைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது!

அப்புறம் தலைநகர் நோம் பென்னுக்கு விமானத்தில் போகாதீர்கள். 6ஆம் நெடுஞ்சாலையில் கார் பிடித்து, கம்போங் க்டேய் பாலத்தில் இறங்குங்கள். ஏழாம் ஜெயவர்மன் காலத்து செம்புரைக்கல் பாலம், கைப்பிடி நெடுக நாகம். கீழே இறங்கிப் பார்த்தால் அதே பிதுக்கு வளைவுகள், ஒடுங்கலாக, இருபதுக்கும் மேல். தண்ணீர் போகிற இடைவெளிக்குச் சமமாகக் கல் நிற்கிறது.

அந்தப் பாலத்தைப் பார்த்த கண்ணோடு நோம் பென்னின் மத்தியச் சந்தைக்குள் நுழைய வேண்டும். 1937இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கான்கிரீட் கவிகை, உயரம் 26 மீட்டர், நடுவில் ஒரு தூண் கிடையாது. படிப்படியாக ஏறும் கவிகையின் இடுக்குகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. நகை, கடிகாரக் கடைகளுக்கு நடுவில் அண்ணாந்து நின்றால் இடிபடுவீர்கள், பரவாயில்லை.

கடைசியாகக் கட்டடக் கலைஞர் வான் மொலிவான். பாரிஸில் படித்து வந்து, 1953 விடுதலைக்குப் பிறகு நாட்டின் முகத்தையே மாற்றியவர். 1964இல் முடிந்த ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் உள்ளரங்கத்தில், தலைக்கு மேலிருக்கும் அந்தப் பெரிய கூரையை நான்கே தூண்கள் தாங்குகின்றன. இருக்கை வரிசைகளுக்கு அடியிலுள்ள இடைவெளி வழியே காற்று வரும். மழைநீரை வாங்க அங்கோர் மாதிரியே சுற்றிலும் நீர்நிலை வெட்டினார். அதில் பெரும்பகுதியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள் என்பது வயிற்றெரிச்சல். அவரே வடிவமைத்த அயல்மொழிக் கல்விக் கழகத்திலும் அங்கோர் வாட் போலவே உயர்ந்த நடைபாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வட்ட வடிவ நூலகம் ஓலைத்தொப்பி சாயல். வகுப்பு நேரத்தில் போகிறீர்கள் என்றால் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நோம் பென்னில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், காலையில் மத்தியச் சந்தை, மாலையில் ஸ்டேடியம். வெயில் தாழ்ந்ததும் ஊர்க்காரர்கள் மேல்படிகளில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்வார்கள், அப்போது உள்ளே போவது சுலபம்.