கோப்பிக்கொட்டை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்கில் கோப்பி நேற்று வந்த பானமல்ல. பச்சைக் கொட்டையைச் சட்டியில் கறுக்க வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து, அரித்துப் போத்தலில் அடைத்து வைக்கிற வீடுகள் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் அக்கரைப்பற்றிலும் இன்னும் இருக்கின்றன. இடையில் கடைப் பக்கற் தூள் வந்து அந்தப் பழக்கத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது. இப்போது காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் உல்லாசப் பயணிகளுக்கென்று திறந்த கடைகளில் நல்ல கோப்பி குடித்துப் பழகியவர்கள், சிறு அளவில் வறுத்து விற்பவர்களிடம் கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்துக் குடிக்க விரும்புகிறார்கள்.

நல்ல விருப்பம்தான். ஆனால் பக்கற் தூள் வாங்கிய அதே பழக்கத்தில் போய் வாங்கினால் காசும் வீண், கோப்பியும் வீண். வறுத்த கோப்பிக்கொட்டை சீனி, பருப்புப் போலக் கிடந்து பாவிக்கிற பலசரக்குச் சாமானல்ல. அது வறுத்த கச்சானைப் போல: சில காலம் மணம், பிறகு சப்பு, பிறகு காறல். ஒரு வருடத்துக்குக் காணுமென்று வறுத்த கச்சான் வாங்கி வைப்பவர் எவருமில்லை. கோப்பியில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குவது

பக்கற்றைத் திருப்பி, இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று திருப்திப்படுவது முதல் தவறு. அந்தத் திகதி, குடித்தால் உடம்புக்குக் கெடுதியில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ருசி இருக்குமா என்பதற்கு அதில் பதிலில்லை. நாம் கேட்க வேண்டியது வறுத்த திகதி.

அதையும் சரியாகக் கேட்க வேணும். "புதுசா காக்கா?" என்று கேட்டால், "இப்பதான் வந்த சரக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். கடைக்கு வந்தது இன்றாக இருக்கலாம், வறுத்தது மூன்று மாதம் முந்தியாக இருக்கலாம். "எந்தத் திகதி வறுத்தது?" என்று நேராகக் கேளுங்கள். தானே வறுக்கிறவருக்கு அந்தத் திகதி நாக்கின் நுனியில் இருக்கும், பெரும்பாலும் பையிலேயே எழுதியிருப்பார். யோசித்து யோசித்து, "போன கிழமை, இல்லாட்டி அதுக்கு முந்தின கிழமை" என்று இழுத்தால் அன்றைக்கு வாங்காமல் வருவது நல்லது.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 வீதம் ஈரம் இருக்கிறது. சூடு ஏற ஏற அந்த ஈரம் வெளியேறுகிறது. ஏறக்குறைய 196 பாகை செல்சியசில் கொட்டைகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். அதிலிருந்துதான் குடிக்கத்தக்க கோப்பி. நாம் விரும்புகிற மணமெல்லாம் இந்தச் சூட்டில் பிறக்கிறது. கூடவே காபனீரொட்சைட்டு வாயுவும் கொட்டைக்குள் உண்டாகி, வறுத்து முடிந்த பிறகும் நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அது உள்ளே இருக்கிற மட்டும் வெளிக்காற்று கொட்டைக்குள் புகுவது குறைவு. வாயு அடங்கியதும் ஒட்சிசன் புகுந்து எண்ணெயைக் காறவைக்கிறது. நன்றாக மூடிவைத்த கொட்டை வறுத்து ஒரு மாதம் வரை நல்ல ருசியில் இருக்கும். இரண்டு மாதம் தாண்டினால் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டு, இன்று காலை வறுத்ததை இன்று பின்னேரமே குடிக்க ஓடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. வாயு நிறைந்த தூளில் சுடுதண்ணீர் சரியாக ஊறாது, கோப்பி புகைமணத்துடன் கூர்மையாக இருக்கும். ஜோக்கில் ஊறவிட்டு வடிக்கிற கோப்பிக்கு மூன்று நான்கு நாள் ஆறவிட்டால் போதும். எஸ்பிரசோ இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒரு கிழமைக்கு மேல் பொறுப்பது நல்லது.

பையின் முன்பக்கத்தில் பொத்தான் போல ஒரு சின்ன வால்வு இருந்தால் அது அலங்காரமல்ல. உள்ளே உண்டாகிற வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்கானது. வால்வு இல்லாத பை உப்பியிருந்தால் பழுதாகிவிட்டது என்று பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம். புதுக் கொட்டை என்பதற்கு அது ஒரு அடையாளம்.

கிலோக்கணக்கில் வாங்குவது

எல்லாத் தவறிலும் பெரியது இதுதான் என்பேன். "ஒரு கிலோ எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பது நம் வாயில் தானாக வரும். குறைத்தும் தருவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு 10 முதல் 12 கிராம் தூள் போகும். 250 கிராமில் இருபதுக்கு மேல் கோப்பை. புருசன் பெண்சாதி இருவரும் நாளுக்கு ஒன்று குடிக்கிற வீட்டில் அது பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும். ஒரு கிலோ என்றால் ஒன்றரை மாதம். முதல் இரண்டு கிழமை குடித்தது கோப்பி. கடைசி இரண்டு கிழமை குடித்தது கறுப்புத் தண்ணீர். மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?

அதுவும் நம் ஊரில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாடைக்காலத்தில், கார்த்திகை மார்கழி மழைக்குள், உப்புப் போத்தலே கசிந்து நிற்கிற வீடுகளில் வறுத்த கொட்டை மட்டும் காய்ந்திருக்குமா? வறுத்து முடிந்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு, அதனால் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஈரம் குறைந்தாலும் சூடு அதிகம், எண்ணெய் சீக்கிரம் காறும். ஆறு கிழமை வரை ருசி நிற்கும் என்று குளிர் நாட்டுக்காரர் எழுதிவைத்த கணக்கை மட்டக்களப்பில் அப்படியே நம்ப வேண்டாம். 200 அல்லது 250 கிராம் வாங்குங்கள், முடிந்தால் மறுபடி போங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் கையில் வருவது 800 முதல் 850 கிராம்தான். கறுக்க வறுத்தால் இன்னும் குறையும். அதற்குமேல் காஸ், கூலி, பழுது பொறுக்கிய கழிவு எல்லாம் இருக்கிறது. பக்கற் தூளின் விலையோடு ஒப்பிட்டு வறுத்து விற்பவருடன் மல்லுக்கட்டுவது நியாயமில்லை. அடித்துப் பேசிக் குறைத்தால் பின்வரிசையில் கிடந்த பழைய பைதான் கைக்கு வரும்.

மிளகாய் அரைக்கிற மில்லில் கொடுப்பது

நல்ல கொட்டையை நல்ல நாளில் வாங்கி, வீட்டில் அரைக்க ஒன்றுமில்லை என்று சந்தியிலுள்ள மில்லில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கல்லில் காலையில் மிளகாய் போயிருக்கும், அதற்கு முன் மல்லி, அதற்கு முன் மஞ்சள். ஒரு கை கோப்பியைப் போட்டுக் கல்லைக் கழுவித் தருவதாகச் சொன்னாலும் இடுக்கில் இருக்கிற மிளகாய் போவதில்லை. தொண்டையில் சின்னக் காரம் நிற்கும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கொட்டையைக் குறை சொல்வோம். அதோடு அந்த வேகத்தில் தூள் கைவைக்க முடியாத சூட்டில் வெளியே வரும். மணத்தின் பெரும்பகுதி மில்காரரின் கடைக்குள்ளேயே பறந்துவிடும்.

அரைத்த தூள் கொட்டையைவிட எத்தனையோ மடங்கு வேகமாக மணம் இழக்கும், ஏனென்றால் காற்றுப் படுகிற பரப்பு அவ்வளவு கூடிவிடுகிறது. ஆகவே குடிக்கிற நேரத்தில் அரைப்பதே உத்தமம். கையால் சுற்றுகிற சின்ன அரைப்பான் ஒன்று பல வருடம் உழைக்கும். அது இல்லையென்றால் வீட்டு கிறைண்டரில் விட்டு விட்டு, சில விநாடி சில விநாடியாக அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் தூள் சூடேறும். முதல் நாள் சம்பலுக்குச் செத்தல் அரைத்த சாடி என்றால் ஒரு பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டித் துடைத்துவிட்டுப் பாவியுங்கள்.

எதுவும் முடியாதென்றால் வறுத்தவரிடமே அரைத்துத் தரச் சொல்லலாம். அப்போது எதில் போடப்போகிறீர்கள் என்று சொல்லாமல் வருவது தவறு. துணி வடியா, ஜோக்கில் ஊறவிட்டு மண்டி அடங்கக் குடிப்பதா, அழுத்திக் குடிக்கிற பிரெஞ்சு பிரஸ்ஸா? ஒவ்வொன்றுக்கும் தூளின் பருமன் வேறு. ஊறுகிற நேரம் கூடினால் ரவை போலப் பரும்படியாக, நேரம் குறைந்தால் நைசாக. நைசுத் தூளைப் பிரெஞ்சு பிரஸ்ஸில் போட்டால் கைப்பும் மண்டியும்தான் மிஞ்சும்.

கறுப்பும் மினுக்கமும் தரமென்று நினைப்பது

தேயிலையில் சாயம் பார்த்துப் பழகிய கண் கோப்பியிலும் சாயத்தைத் தேடுகிறது. கறுத்த கொட்டைதான் கடுமை, மினுங்குகிற கொட்டைதான் புதுசு என்பது நம்மவர் பலரின் எண்ணம். கூடுதலாக வறுத்தால், தூக்கத்தை விரட்டுகிற கபேன் கூடுவதில்லை, கைப்புத்தான் கூடுகிறது. மினுக்கம் என்பது கறுக்க வறுத்ததில் உள்ளிருந்த எண்ணெய் மேலே கசிந்தது. அப்படிக் கசிந்த எண்ணெய்தான் முதலில் காறும். நடுத்தரமாக வறுத்த கொட்டையில் மினுக்கம் தெரிந்தால் அது கனநாள் கிடந்தது என்று சந்தேகிக்கலாம். பழுதான கொட்டையின் குறையை மறைக்கவும் கறுக்க வறுப்பதுதான் சுலப வழி.

வாங்குமுன் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வறுப்புக்காரர் முகம் சுளிக்க மாட்டார். நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க, சில மட்டும் கச்சான்தோல் நிறத்தில் வெளிறி நிற்கும். அவை பழுக்காத காயில் எடுத்தவை, அரைத்தால் வைக்கோல் ருசி தரும். ஊசி குத்தியது போலச் சின்ன ஓட்டை தெரிந்தால் பூச்சி துளைத்தது. ஒன்றிரண்டு இருப்பது இயல்பு, தட்டு முழுக்க இருந்தால் வேண்டாம். பிறகு ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். மொறுக்கென்று உடைந்து மணம் மூக்குக்கு ஏற வேணும். சவ்வு போல இழுபட்டால் ஈரம் ஏறிவிட்டது.

எங்கே விளைந்தது என்று கேட்காமல் வாங்குவது

வெளிநாட்டுப் பெயர் எழுதிய பைக்கு இரட்டிப்பு விலை கொடுப்பவர்கள், பதுளைப் பக்கத்திலிருந்து வருகிற கொட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி, மகா ஓயா, பிபிலை தாண்டி ஏறுகிற மலைகளில் கோப்பி இன்றும் விளைகிறது. ஒருகாலத்தில் தேயிலைக்கு முன் இந்த நாட்டின் மலையெல்லாம் கோப்பிதான். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் முதலில் நடத்திக் கொண்டுவரப்பட்டதும் கோப்பித் தோட்டங்களுக்கே. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் காணப்பட்ட இலைத்துரு நோய் இருபது வருடத்துக்குள் அந்தத் தொழிலை அழித்தது. வீட்டுத் தோட்டங்களிலும் சிறு காணிகளிலும் தப்பி நின்ற மரங்களும் பிறகு நட்டவையும்தான் இன்றைய உள்ளூர்க் கோப்பி. பக்கத்து மலையில் விளைந்தது நம் கைக்கு வர எடுக்கிற நாளும் குறைவு.

கோப்பியின் இரண்டு இனங்களில் எது, அராபிக்காவா, ரொபஸ்டாவா என்றும் கேளுங்கள். உயர்ந்த மலையில் வளர்கிற அராபிக்கா மணமும் மென்மையான புளிப்பும் உள்ளது. தாழ்ந்த நிலத்து ரொபஸ்டாவில் கபேன் ஏறக்குறைய இரட்டிப்பு, ருசி முரடு. அராபிக்கா என்றால் உசத்தி, மற்றது மட்டம் என்று எல்லோரும் சொல்வதை நம்பி, பால்மாவும் மூன்று கரண்டிச் சீனியும் போட்டுக் குடிக்கிறவர் இளவறுப்பு அராபிக்கா வாங்கினால் ஏமாந்துபோவார். பால்மாவுக்குள் அந்த மென்மை காணாமல் போய்விடும். அவருக்குக் கொஞ்சம் கறுத்த வறுப்பில் ரொபஸ்டா கலந்ததே பொருந்தும். வெறுங்கோப்பி குடிக்கிறவருக்குத்தான் நல்ல அராபிக்காவின் பெறுமதி தெரியும்.

மல்லி போட்ட கோப்பி விருப்பமென்றால் கலந்த தூளாக வாங்க வேண்டாம். அதில் கோப்பி எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. கொட்டையைத் தனியாக வாங்கி, மல்லியை வீட்டில் தனியாக வறுத்துச் சேருங்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் கோப்பி வறுபடுமுன் மல்லி கருகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

கண்ணாடிப் போத்தலில் போட்டு யன்னலோரம் அழகுக்கு வைக்காதீர்கள், அடுப்புக்கு மேல் தட்டிலும் வைக்காதீர்கள். வந்த பையையே இறுக மடித்து, காற்றுப் புகாத டின்னில் இருட்டான இடத்தில் வைத்தால் போதும். பிரிட்ஜுக்குள் வைப்பது மிக மோசம். கோப்பி பக்கத்து மணத்தை உறிஞ்சும், நம் பிரிட்ஜில் மீன் இல்லாத நாள் எது? ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த கொட்டையில் ஈரமும் படியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ருசி வரவில்லையென்றால் தண்ணீரைப் பாருங்கள். வாவியோரக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர். அதில் எந்த உசத்திக் கொட்டையும் தட்டையாகத்தான் இருக்கும். குடிக்கிற குழாய்த் தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கொட்டையைக் குறை சொல்லலாம்.

குறை இருந்தால் அடுத்தமுறை வறுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள். பேசாமல் கடை மாறுவதால் இருவருக்கும் பயனில்லை. "நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. புளிக்கிறது, கைக்கிறது, புகை மணக்கிறது, தண்ணீர் போல இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேணும். எதில், எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த வறுப்பைக் கொஞ்சம் முன்பின் எடுத்துத் தருவார், அல்லது தூளைப் பருமன் மாற்றித் தருவார். கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ கூடுதலாகத் தேவையென்றால் இரண்டு கிழமை முந்தியே சொல்லி, நாளுக்கு நாலைந்து நாள் முன் வறுத்துத் தரும்படி கேளுங்கள். கடைசி நேரத்தில் போனால் அவரிடம் இருக்கிறது எதுவோ அதுதான் கிடைக்கும்.