சாராயக் கார்களும் மண் தடங்களும்: அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம் (கடையில் விற்கிற சாதாரணக் கார்களை வைத்துத் தொடங்கிய பந்தயம்) பற்றித் தமிழில் யார் எழுதினாலும், வீடியோ போட்டாலும் ஆரம்பம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீஸுக்குத் தப்ப காரை முறுக்கேற்றினார்கள், ஓய்வு நாளில் யார் வண்டி வேகம் என்று மோதிப் பார்த்தார்கள், அதுவே இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, முழுப் பொய்யும் இல்லை. அட்லாண்டாவில் ரேமண்ட் பார்க்ஸ் சாராயக் காசில் கார் வாங்கினார், ரெட் வோக்ட் இன்ஜினைத் தயார் செய்தார், லாயிட் சீ ஓட்டினார். 1941 செப்டம்பர் 1 அன்று அட்லாண்டாவின் லேக்வுட் மண் தடத்தில் ஜெயித்த சீ, மறுநாளே தன் உறவினர் கையால் சுடப்பட்டு இறந்தார். சண்டை எதற்கு? சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு.

ஆனால் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸ் வேறு ரகம். ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார், பந்தயமும் நடத்தினார். டிக்கெட் வாங்கி வருகிறவர் தன் வீட்டு வாசலில் நிற்கிற அதே கார் தடத்தில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சாராயக்காரர்களின் கைவேலை அந்தக் கணக்கோடு முதல் நாளே மோதியது.

1949 ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட் நகரம். முக்கால் மைல் மண் தடம், 200 சுற்று, ஷோரூமில் விற்கிறபடியே இருக்கும் கார்களுக்கான முதல் பந்தயம். 1947 ஃபோர்டில் வந்த கிளென் டனவே மூன்று சுற்று வித்தியாசத்தில் முதலில் முடித்தார். பிறகு காரைச் சோதித்தவர்கள் பின்பக்க ஸ்பிரிங் விரித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சாராயம் ஏற்றும் வண்டிகளில் செய்கிற வேலை அது. பின்பக்கம் பாரத்தில் அமுங்காது, வளைவில் வண்டி கெட்டியாக நிற்கும். விதிப்படி செல்லாது என்று டனவேயை நீக்கிவிட்டு, கேன்சஸிலிருந்து லிங்கன் காரோடு வந்திருந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். டனவே ஓட்டிய காரின் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு தள்ளுபடியானது. விதியைப் போடுவதும் அதன்படி ஒருவரை நீக்குவதும் அமைப்பின் உரிமை என்று நிலைத்தது அந்தத் தீர்ப்பில்தான். சாராயக்காரர்கள் நாஸ்காரை உருவாக்கினார்கள் என்று ஒரே வரியில் எழுதினால் இந்த மோதல் முழுக்கக் காணாமல் போய்விடுகிறது.

இதே ரகத்தில் இன்னொன்று: சாராயம் கடத்தியபடியே பந்தயத்திலும் பேர் வாங்கிய ஜூனியர் ஜான்சனைப் போலீஸ் ரோட்டில் துரத்திப் பிடித்ததாக எழுதுவது. ரோட்டில் அவர் சிக்கியதே இல்லை. 1956-இல் பிடிபட்டது அப்பாவின் சாராய அடுப்பருகே, காரில் இல்லாதபோது.

அந்த சார்லட் தடத்தை இன்றைய சார்லட் மோட்டார் ஸ்பீட்வே என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. இன்றையது வேறு, 1960-இல் திறந்த தார்த் தடம். அதுபோல, 1949-இல்தான் எல்லாமே தொடங்கியது என்பதும் சரியில்லை. லேக்வுட்டில் 1938-லேயே ஸ்டாக் கார் ஓடியது. நாஸ்காரே 1948-இல் பழைய ஃபோர்டுகளை மாற்றி ஓட்டும் பிரிவோடுதான் ஆரம்பித்தது. போர் முடிந்த கையோடு புதுக் கார் கிடைப்பதே பெரும்பாடு, அதைப் பந்தயத்தில் விட்டு நொறுக்க யாருக்கு மனசு வரும்?

டேடோனாவின் பழைய தடத்தையும் மண் தடக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒரு பக்கம் கடற்கரை மணல், மறு பக்கம் தார் ரோடு. அலை ஏறுவதற்குள் பந்தயத்தை முடிக்க வேண்டும்.

சரி, ஓட்டுவது பற்றி. மண் தடம் என்றதும் காய்ந்த புழுதியும் அதில் பறக்கும் காரும்தான் நினைவுக்கு வருகின்றன. நல்ல தடம் களிமண். தண்ணீர் அடித்து, உருட்டி இறுக்கி வைப்பார்கள், தூசி அடங்க கால்சியம் குளோரைடும் தூவுவார்கள். ஆரம்பத்தில் டயர் நன்றாகப் பிடிக்கும். சுற்று ஏற ஏற ஈரம் போய், கார் ஓடும் வரிசை வழவழவென்று ஆகிவிடும், சில இடங்களில் பள்ளம் விழும். ஆக, தொடக்கத்தில் வேகமாகப் போன பாதையையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தால் பின்தங்க வேண்டியதுதான்.

வளைவுகளெல்லாம் இடப்பக்கம், அதனால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே பிடித்திருப்பார் என்று எழுதுகிறார்கள். பழைய படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், முன் சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பியிருக்கும். வளைவு வருமுன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை இடப்பக்கம் வெட்டுவார், பின்பக்கம் வெளியே சறுக்கும், உடனே எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி மிதிப்பார். கார் முக்கால்வாசி பக்கவாட்டில்தான் வளைவைக் கடக்கும். இந்தச் சறுக்கலில் பெரும் பாரம் வலப்பக்க முன் சக்கரத்தின் மேல் விழும். சாதாரணச் சக்கரம் தாங்காமல் உடையும் என்பதால், எதையும் மாற்றக்கூடாது என்ற விதி இருந்த காலத்திலும் அந்தச் சக்கரத்தில் மட்டும் இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்த விட்டார்கள்.

பெரிய இன்ஜின் இருந்தால் போதும் என்பதும் அந்தக் கால ஓட்டுநர்களே பட்டுத் தெரிந்துகொண்ட தப்பு. ஓட்டுநர் லீ பெட்டி அந்த 1949 சார்லட் பந்தயத்துக்கு இரவல் வாங்கிய கனமான பியூக்கில் வந்து அதை உருட்டிவிட்டார், அப்புறம் இலகுவான பிளைமவுத்துக்கு மாறி ஜெயிக்கத் தொடங்கினார். ஹட்சன் ஹார்னெட் என்ற காரில் இருந்தது வெறும் ஆறு சிலிண்டர். தாழ்ந்த உடலமைப்பால் வளைவில் அது தரையோடு ஒட்டிப் போனது, 1950-களின் தொடக்கத்தில் எட்டு சிலிண்டர் வி8 கார்கள் அதன் பின்னால்தான் வந்தன.

வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே ஓட்டினார்கள் என்பதும் தப்பு. அந்த 1949 சார்லட் பந்தயத்திலேயே சாரா கிறிஸ்டியன் ஓட்டினார். கறுப்பினத்தவரான வெண்டெல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் மண் தடத்தில் முதலில் வந்தார். அவருக்குக் கொடி அசைக்காமல், இரண்டு சுற்று பின்னால் இருந்த பக் பேக்கரை வெற்றியாளர் என்று அறிவித்து மேடையேற்றினார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் எண்ணிக்கையில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். வெற்றிக் கோப்பை அவர் குடும்பத்துக்கு வந்தது 2021-இல், அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து. ஜெயித்தார் என்று மட்டும் எழுதிவிட்டு இதை விடாதீர்கள்.

கடைசியாக, 1950-இல் டார்லிங்டன், 1959-இல் டேடோனா என்று தார்த் தடங்கள் வந்ததும் மண் பந்தயம் முடிந்துவிட்டதாக எழுதுவது. நாஸ்கார் முதன்மைத் தொடரின் அந்தக் காலக் கடைசி மண் பந்தயம் 1970 செப்டம்பர் 30 அன்று ராலேயில் நடந்தது, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். 2021-இல் பிரிஸ்டலில் மண் பந்தயம் திரும்பி வந்ததே என்பீர்கள். அது கான்கிரீட் தடத்தின் மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிச் செய்த ஏற்பாடு. மழை வந்து சேறாகி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போனது.